உஷார்! 'டிரைவர் பழசாகிவிட்டது' என்று ஒரு பெட்டி வருகிறதா?

லேப்டாப்பில் மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருப்பீர்கள். திரை மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி முளைக்கும். 'உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் காலாவதியாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்!' கை தானாக அந்தப் பட்டனுக்குப் போகும். போகவிடாதீர்கள்!

என் அக்கா மகன் போகவிட்டான். மறுநாள் காலை கல்லூரியில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். முந்தின இரவு பதினோரு மணிக்கு, கேம் திக்கித் திக்கி ஓடுகிறதே என்று இணையத்தில் தேடி, முதலில் வந்த விளம்பரத்தை அழுத்தி, டிரைவர் அப்டேட்டர் என்று ஏதோ ஒன்றை இறக்கினான். (ப்ராஜெக்டுக்கு முந்தின இரவு கேம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டுவிட்டாள்.) அது ஸ்கேன் செய்வதுபோல் பாவனை காட்டி, டிரைவர்கள் எல்லாமே பழசு என்று பயமுறுத்தியது. 'சரி, மாற்று' என்றான். திரை ஒருமுறை மினுக்கி இருண்டது. ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை.

இதுவரை நடந்தது பாதிதான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, இரண்டு மூன்று முறை அப்படியே செய்தால் விண்டோஸின் பழுதுநீக்கும் திரை வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போய்ப் புது டிரைவரைத் தூக்கிவிடலாம். போகப் பார்த்தோம். நீலத் திரை வந்து, பிட்லாக்கர் மீட்பு எண் கேட்டது. 48 இலக்கம்!

அப்படி ஒரு எண் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். விண்டோஸ் 11 வைத்த பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்ததுமே வட்டு பிட்லாக்கரால் தானாகப் பூட்டப்பட்டு, அதைத் திறக்கும் சாவியான இந்த எண் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். இவன் லேப்டாப்பில் கணக்கு போட்டுக் கொடுத்தது விற்ற கடையில் இருந்த பையன், தன்னுடைய மின்னஞ்சலில்! அவனைத் தேடிப் பிடித்து எண்ணை வாங்குவதற்குள் ப்ராஜெக்ட் இரண்டு நாள் தள்ளிப்போனது.

மேசைக் கணினியைவிட லேப்டாப்பில் ஏன் இவ்வளவு வம்பு? பல லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப் இரண்டு. திரை பெரும்பாலும் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன சிப்போடுதான் இணைந்திருக்கும். தனியாக இருக்கும் பெரிய சிப் படத்தை வரைந்து, அந்தச் சின்னதன் வழியாகத் திரைக்கு அனுப்பும். பேட்டரி, வெளிச்சம், சூடு இதற்கெல்லாம் தோதாக லேப்டாப் கம்பெனி டிரைவரில் தன் கைவேலையையும் சேர்த்திருக்கும். 2020 மே மாதம் வரை, இன்டெல்லின் பொது டிரைவரைப் பல லேப்டாப்கள் நிறுவவே விடவில்லை. இப்போது விடுகின்றன. ஆனால் கம்பெனியின் கைவேலை அழிந்துபோகலாம் என்று இன்டெல்லே எச்சரிக்கிறது.

அசல் டிரைவரும் சில நேரம் காலை வாரும். 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் ஃபேன் வேகத்தைக் குழப்பி, கார்டுகள் சூடேறிப்போக, அதை அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள். 2015 நவம்பரில் ஏஎம்டியின் கிரிம்சன் டிரைவர் சிலருக்கு ஃபேனை 20 சதவீதத்திலேயே நிறுத்திவிட்டது. 'டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதே' என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. 2022-ல் என்விடியாவுக்குள் புகுந்த கும்பல் கையெழுத்துச் சான்றிதழ்களையே திருடியது, அவற்றை வைத்து வைரஸ்களுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பயமுறுத்தும் பாப்-அப் காட்டிப் பழுதுபார்க்கும் மென்பொருள் விற்ற இரண்டு நிறுவனங்கள், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் வழக்கில் 2 கோடியே 60 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டதும் 2024-ல்தான்.

டிரைவரில் பாதுகாப்பு ஓட்டைகளும் வரத்தான் செய்கின்றன, அடைக்கத்தான் வேண்டும். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரையோ சீரியல் நம்பரையோ பாருங்கள். அந்தக் கம்பெனியின் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், உங்கள் மாடலுக்கு என்று கொடுத்ததை எடுங்கள். அங்கே இல்லையென்றால் மட்டும் இன்டெல், என்விடியா, ஏஎம்டி தளங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில்' என்கிற எதுவும் எனக்கு ஆகாது. வேறு வேலை இல்லாத நாளில், சார்ஜரைச் சொருகிவிட்டுச் செய்யுங்கள். நாளைக்குத் தேர்வு, நேர்காணல் என்றால் தள்ளிப்போடுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, பாதுகாப்பு அறிவிப்பும் இல்லை என்றால், சும்மா இருப்பதே நல்லது.

மீறித் திரை இருண்டால், அணைப்பதற்கு முன் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும், சில சமயம் அதுவே போதும். திரை தெரிந்தும் கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அந்த 48 இலக்கத்தை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு கோப்பாக மட்டும் சேமித்து வைத்துவிடாதீர்கள்!