நீர் வடியும் கண்ணும் வறண்ட கண்ணே

ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று எழுந்துவிட்டால் அக்கராயனிற் புழுதிக்குக் குறைவில்லை. அத்தகைய நாளொன்றில் என் பெரியம்மாவின் கண்களிலிருந்து ஓயாது நீர் வடியத் தொடங்கிற்று. மண் விழுந்தாற் போன்ற உறுத்தல்; எரிவு. அயலவர் ஒருவர் தம்மிடம் எஞ்சியிருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தார். சிவப்பு மறைந்தது; மருந்தை விட்டதும் மீண்டது. இவ்வாறு இரண்டு மாதங்கள் கழிந்த பின்னரே கண் மருத்துவரிடம் சென்றோம்.

"இது கண் வறட்சி, அம்மா" என்று அவர் கூறியதும் பெரியம்மா சிரித்துவிட்டார். நீர் ஆறாய் ஓடும் கண் வறண்டதாவது எங்ஙனம்?

கண்ணீர் வெறும் நீரன்று. சளியும் நீரும் அவற்றின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்த படலம் அது. இமை விளிம்பிலுள்ள சுரப்பிகள் தரும் எண்ணெயே நீர் ஆவியாகாமற் காக்கிறது. அது குறைந்தாற் கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும். உறுத்தலைத் தாளாத கண் நீரைக் கொட்டும். வெடித்த வயலிற் கொட்டிய மழை போல அந்நீர் நில்லாது வழிந்துவிடும்.

1903இல் ஷேர்மர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் வகுத்த சோதனை மிக எளிது. கீழிமையில் வடிதாட் கீற்று ஒன்றை 5 நிமிடம் வைத்து, எவ்வளவு நனைகிறதென அளப்பர். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நீர்ச்சுரப்பே போதாது. பெரியம்மாவின் தாளோ நன்றாகவே நனைந்தது! பின்னர் மஞ்சட் சாயமிட்டு நீல ஒளியிற் பார்த்தபோது, 10 வினாடியேனும் குலையாதிருக்க வேண்டிய படலம் 4 வினாடியிற் குலைந்தது. குறை எண்ணெயில் இருந்தது.

ஆகவே சிகிச்சையும் அதற்கேற்றதாயிற்று: நாள்தோறும் இருவேளை இளஞ்சூட்டுத் துணி ஒத்தடம், இமையை மெல்ல நீவுதல், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அச்சொட்டை அடிக்கடி இடுவோர்க்குப் பதனப்பொருள் கலவாத வகையே ஏற்றது. வாய் வறட்சியும் மூட்டு நோவும் உடனிருப்பின் இரத்தப் பரிசோதனையும் தேவை; 1933இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஷோகிரன் விரிவாக விளக்கிய நோயாக அது இருக்கக்கூடும்.

அயலவர் தந்த மருந்து ஸ்டெரொயிட் வகையது. மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்தால் அது கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பையே அழிக்கவல்லது. அழிவு முற்றும்வரை நோவும் தெரியாது. பெரியம்மாவுக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. மருந்தை நிறுத்தியபின் தணிந்தது. நரம்பு தப்பியது.

மாணாக்கர்க்கும் ஒரு சொல். கைத்தொலைபேசியை உற்று நோக்குகையில் நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. இமைத்தால்தான் எண்ணெய் பரவும்.

பெரியம்மா இப்போது காற்றுக்காலத்திற் கண்ணாடி அணிந்தே வயலுக்குச் செல்கிறார். முதலிற் கேலி செய்த பேரப்பிள்ளைகள், தமக்கும் ஒன்று வேண்டுமென்கின்றனர்.