கடல் கடந்த கணக்காளர்

கொழும்பிலே இருபதாண்டு கணக்கெழுதியவரும் மெல்பேணில் இறங்கியதும் மாணாக்கராகின்றார். ஐந்தொகையின் இருபக்கமும் எந்நாட்டிலும் சமமே. ஆயின் சட்டம் வேறு. நமது வரியாண்டு மார்ச் 31இல் முடிய, அவுஸ்திரேலியாவில் யூன் 30இல் முடியும். 2000ஆம் ஆண்டு முதல் பொருள் சேவை வரி நூற்றுக்குப் பத்து. நமது ஊழியர் சேமலாப நிதியின் இடத்தில் அங்கு ‘சுப்பரனுவேசன்’ நிற்கும்.

“உள்ளூர் அநுபவம் உண்டோ?” என்னும் வினாவே பலரை வாயிலில் நிறுத்துகின்றது. என் செய்வது?

புறப்படுமுன் அங்குள்ள கணக்காளர் சங்கமொன்றில் தகைமை மதிப்பீட்டைப் பெறுக. சென்றதும் வரிச் சட்டம் பயில்க. சிறு நிறுவனத்திலே சிட்டை பதியும் வேலையாயினும் இகழாது ஏற்க. ஓராண்டின் பின் அதுவே உள்ளூர் அநுபவமாகும்.

குடும்பத்தாரும் பதவி குறைந்ததென்று ஊருக்கு எழுத நாணவேண்டா. புதிய பேரேட்டின் முதற்பதிவுக்கு எவர் நாணுவார்?