பெயரில் இருந்த வலிமை

வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நீந்திப் பழகிய இளைஞர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியதில்லை: மிதக்கும் பொருளின் ஒரு பகுதி நீரில் அமிழ்ந்தே இருக்கும். அக்குளத்து நீரில் வெல்லத்தைக் கரைத்துவிட்டால், அதே பொருள் முன்னினும் சற்று உயர்ந்து மிதக்கும். இவ்வெளிய உண்மையை வைத்துக்கொண்டு 1880-ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் அரசு பீர் என்னும் மதுவுக்கு வரி விதித்தது. அப்போது நிதியையும் கவனித்துவந்த முதலமைச்சர் கிளாட்ஸ்டன் செய்த ஏற்பாடு அது.

மதுவைப் பற்றிப் பேசுவதால் அதற்குப் பரிந்து பேசுகிறேன் என்று நேயர்கள் கருதிவிட வேண்டாம். ஒரு சொல் எவ்வாறு தன் பொருளை இழந்தது என்பதே இங்கு நாம் காணப்போவது.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1000 எனக் கொண்டால், இச்சாற்றின் அடர்த்தி 1050, 1070 என உயர்ந்திருக்கும். ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும்போது அடர்த்தி குறையும். ஏறத்தாழ எட்டுப் புள்ளிகள் குறைந்தால், நூற்றுக்கு ஒரு பங்கு ஆல்கஹால் உண்டாகிவிட்டது என்று கொள்ளலாம். மிதவைக் கருவி காட்டும் இக்கணக்கிற்கு, புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் போலப் பொய் சொல்லத் தெரியாது.

‘ஸ்டவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் திண்மை, வலிமை என்பன பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் வலிமை மிகுந்த பீர் எதுவாயினும் அப்பெயர் பெற்றது. வெளிர்நிற ஸ்டவுட்டும் உண்டு. 1817-இல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டையை வறுப்பது போல மால்ட்டை உருளையில் இட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்க் கருமையே அதன் அடையாளமாயிற்று. இலண்டனின் சதர்க்கில் காய்ச்சி உருசியப் பேரரசி கதரீனின் அரண்மனைக்கு அனுப்பப்பட்ட வகையோ மிகக் கடுமையானது. பிற்காலத்தில் அதன் தொடக்க அடர்த்தி 1100-ஐயும் தாண்டியது. அதில் ஆல்கஹால் நூற்றுக்குப் பத்தை நெருங்கும்.

முதல் உலகப் போர் இதை மாற்றியது. தானியத் தட்டுப்பாட்டாலும் வரி உயர்வாலும் பிரிட்டிஷ் பீரின் சராசரி அடர்த்தி 1052-லிருந்து 1918-இல் ஏறக்குறைய 1030-க்கு இறங்கியது. ஸ்டவுட்டும் மெலிந்தது, பெயர் மட்டும் மெலியவில்லை. ஓட்ஸ் சேர்த்தது, பாற்சர்க்கரை சேர்த்தது என வகைகள் பெருகின. பாற்சர்க்கரையை ஈஸ்ட்டால் நொதிக்கச் செய்ய இயலாது. ஆதலால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். அதைப் ‘பால் ஸ்டவுட்’ என்று விற்றார்கள்! நோயாளிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் அது வலிமை தரும் என்று மருத்துவர்களே எழுதிக் கொடுத்த காலமும் உண்டு. அதில் பாலும் இல்லை. இரும்புச் சத்தும் சொல்லத்தக்க அளவில் இல்லை. ஆனால் தாய் அருந்தும் ஆல்கஹால் தாய்ப்பாலில் கலக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘பால்’ என்ற சொல்லைப் பெயரிலிருந்து நீக்க நேர்ந்தது.

வியப்பு என்னவெனில், தாய்நாட்டில் இழந்த வலிமையை அம்மது கடல் கடந்த நாடுகளில் காத்துக்கொண்டது. இலங்கையின் நுவரெலியாவில் 1881-இல் தொடங்கிய மதுவாலை, பிற்காலத்தில் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இடம்பெயர்ந்தது. அதன் ‘லயன்’ ஸ்டவுட் புட்டியில் ஆல்கஹால் நூற்றுக்கு 8.8 என அச்சிடப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பெயர்பெற்ற பால் ஸ்டவுட்டிலோ அது நூற்றுக்கு மூன்றளவே இருந்தது. இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான்.