90 டிகிரி திருப்பத்தில் ஓட முடியுமா? சீனாவின் செவ்வக ஓட்டப்பாதை சொல்லும் பாடம்!

ஓட்டப்பந்தய மைதானம் என்றதும் கண்முன் எந்த வடிவம் வரும்? இரண்டு பக்கமும் நேர்கோடு, இரண்டு முனையிலும் அரைவட்டம். உலகம் முழுக்க இதுதான். ஆனால், 2014-ல் சீனாவிலிருந்து வெளியான ஒரு புகைப்படம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதில் இருந்த ஓட்டப்பாதையில் வளைவே இல்லை. நான்கு மூலைகளிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல 90 டிகிரி திருப்பம்!

சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில், தோங்ஹே என்ற பகுதியில் உள்ள மைதானம் அது. மாகாணத்தின் பெரிய தலைவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்பதால், பழைய மைதானத்தை அவசர அவசரமாகப் புதுப்பித்திருக்கிறார்கள். வளைவுக்கு அளவெடுத்து, ஒவ்வொரு லேனுக்கும் தனித்தனியாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தால் நேரமாகும். நேர்கோடு என்றால் சட்டென்று முடிந்துவிடும். விளைவு, செவ்வக டிராக்!

இணையத்தில் கேலிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த மூலையில் நிஜமாகவே ஒருவர் வேகமாக ஓடி வந்தால் என்ன ஆகும்?

திரும்புவதற்கும் ஒரு விலை உண்டு!

பஸ் சட்டென்று வலப்பக்கம் திரும்பினால், நிற்பவர்கள் எல்லோரும் இடப்பக்கம் சாய்வோம். கம்பியை இறுக்கிப் பிடித்துச் சமாளிப்போம். ஓடும் உடம்புக்கும் இதே கதைதான். அது நேராகப் போகவே விரும்பும். அதைத் திருப்ப வேண்டுமென்றால், பக்கவாட்டில் ஒரு விசை வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததால், அந்த வேலையைக் கால்கள்தான் செய்தாக வேண்டும்.

எவ்வளவு விசை? கணக்கு எளிமையானது. வேகம் இரண்டு மடங்கானால், விசை நான்கு மடங்காகும். வளைவின் ஆரம் பாதியானால், விசை இரண்டு மடங்காகும்.

சர்வதேச அளவிலான 400 மீட்டர் டிராக்கில் வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஒவ்வொரு நேர்பாதையின் நீளம் 84.39 மீட்டர். இந்த வளைவில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அவர் கால் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை ஏறக்குறைய 17 கிலோ எடைக்குச் சமம். அதற்காக அவர் உடலை 15 டிகிரிக்குச் சற்று அதிகமாக உள்பக்கம் சாய்க்க வேண்டும். பயிற்சி பெற்ற வீரர்களுக்கு இது பழகிய விஷயம்.

இப்போது செவ்வக டிராக்குக்கு வருவோம். மூலையைக் கொஞ்சம் வளைத்து, 2 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அதே 60 கிலோ நபர், விநாடிக்கு வெறும் 3 மீட்டர் வேகத்தில் சாதாரணமாக ஜாகிங் போகிறார். அப்போதே அவர் கால் மீது விழும் பக்கவாட்டு விசை 27 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது, சர்வதேச டிராக்கில் மின்னலாகப் பாயும் வீரருக்கு வளைவில் கிடைப்பதைவிட, இந்த மூலையில் மெதுவாக ஓடும் ஒருவருக்குக் கிடைக்கும் அழுத்தம் அதிகம்!

விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால்? 110 கிலோவுக்கு மேல். அந்த வேகத்தில் அங்கே திரும்பவே முடியாது. ஒன்று, பிரேக் போட்டு நிற்க வேண்டும். இல்லையென்றால், விழ வேண்டும்.

கணுக்கால் முதல் முழங்கால் வரை...

வேகமாக வந்து சட்டென்று நின்று திசை மாறுவது, முழங்கால் ஜவ்வு கிழிவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. கால்பந்து, கூடைப்பந்து வீரர்களுக்கு இந்தக் காயம் அடிக்கடி ஏற்படுவதும் இதனால்தான். ஓட்டப்பந்தய வீரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் அணியும் ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணிகள் தரையைக் கவ்விப் பிடிக்கும். பாதம் தரையில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும்தான் போகும்.

மோதல் அபாயமும் இருக்கிறது. மூலையில் யாரும் கோட்டை ஒட்டியே கச்சிதமாகத் திரும்ப மாட்டார்கள். ஒருவர் உள்பக்கம் குறுக்கே வெட்டுவார், இன்னொருவர் வேகம் அடங்காமல் வெளிப்பக்கம் போவார். எட்டு லேனிலும் எட்டுப் பேர் இப்படித் திரும்பினால், லேன் என்ற ஏற்பாட்டுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

ஒலிம்பிக்கிலும் நடந்தது!

வளைவு விஷயத்தில் தடுமாறியது சீன மைதானம் மட்டுமல்ல. 1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் போட்டி பழைமையான பளிங்கு மைதானத்தில் நடந்தது. அந்த மைதானம் கொண்டை ஊசி மாதிரி நீண்டு ஒடுங்கியது. அதற்குள் அடங்கிய டிராக்கில் நேர்பாதை நீளம், திருப்பம் மிகக் குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் வீரர்கள் வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டியிருந்தது. 1,500 மீட்டர் ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃப்ளாக் தங்கம் வென்ற நேரம் 4 நிமிடம் 33.2 விநாடி. அந்தக் காலத்துக்கே அது மெதுவான நேரம்தான்.

உள்ளரங்கப் போட்டிகளில் இந்தச் சிக்கல் இன்றும் தொடர்கிறது. கூரைக்குக் கீழே இடம் குறைவு என்பதால், அங்கே ஒரு சுற்று 200 மீட்டர்தான். வளைவின் ஆரம் சுமார் 17 மீட்டர். அதைச் சமாளிக்க, வளைவுப் பகுதியில் தரையையே ஏறக்குறைய 10 டிகிரி உள்பக்கம் சாய்த்துக் கட்டுகிறார்கள். மலைச்சாலைத் திருப்பங்களில் ரோட்டைச் சாய்த்துப் போடுவார்கள் அல்லவா, அதே தத்துவம்!

ஆனாலும், உள்பக்க லேன்களில் ஓடுபவர்களுக்கு வளைவு மிக இறுக்கமாக இருந்தது. அந்த லேன் கிடைத்தாலே ஜெயிக்கும் வாய்ப்பு போய்விடும் என்ற நிலை. கடைசியில், 2004-க்குப் பிறகு உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பிலிருந்து 200 மீட்டர் ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். டிராக்கின் வடிவம் ஒரு போட்டிக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது!

போட்டி நாளில் மட்டும் ஓடினால் பரவாயில்லை. தினமும் பயிற்சி எடுப்பவர்களுக்கு? கனடாவில் குறுகிய வளைவுள்ள உள்ளரங்க டிராக்கில் பயிற்சி பெற்ற வீரர்களை ஆராய்ந்து, 2000-ல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எப்போதும் ஒரே திசையில் சுற்றியதால், இரு கணுக்கால்களின் தசைகளும் ஒரே மாதிரி வலுப்பெறவில்லை என்று அதில் தெரியவந்தது. இடது காலும் வலது காலும் வளைவில் வேறு வேறு வேலை செய்கின்றன என்பதுதான் காரணம்.

விசித்திர டிராக் எல்லாமே ஆபத்தா?

இல்லை. ஓடுபவரின் காலை மனதில் வைத்து யோசித்தால், விசித்திரமான டிராக்கும் வரமாகும். அதற்கு உதாரணம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம்.

1970-களில் அங்கே தாமஸ் மெக்மஹோன், பீட்டர் கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதக் காலை ஒரு ஸ்பிரிங் போலக் கருதிக் கணக்குப் போட்டார்கள். தரை மெத்தையாக இருந்தால் வேகம் குறைகிறது. கல்லாக இருந்தால் அதிர்ச்சி முழுவதும் காலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே, காலின் ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான ஒரு தரை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கணக்குப்படி, மரப்பலகை மீது பாலியூரித்தேன் பரப்பி 1977-ல் உள்ளரங்க டிராக் அமைக்கப்பட்டது. அதில் ஓடியவர்களின் வேகம் 2 முதல் 3 சதவிகிதம் வரை கூடியது. அதைவிடப் பெரிய செய்தி, காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இன்று சர்வதேச அங்கீகாரம் பெறும் சிந்தடிக் டிராக்குகளுக்கு இதெல்லாம் சட்டமாகவே இருக்கிறது. கால் தரையில் மோதும் விசையில் 35 முதல் 50 சதவிகிதம் வரை டிராக் உள்வாங்க வேண்டும். மழையில் நனைந்தாலும் வழுக்கக் கூடாது. பக்கவாட்டுச் சரிவு 1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மழைநீர் வடிய அது போதும்.

பெற்றோர், பயிற்சியாளர்கள் கவனத்துக்கு...

* சின்ன மைதானத்தில் 400 மீட்டர் டிராக்கை மடக்கித் திணிக்க வேண்டாம். சுற்றளவு குறைந்தாலும் பரவாயில்லை, இருக்கும் இடத்துக்கு ஏற்ற பெரிய வளைவாகப் போடுங்கள்.

* வளைவு இறுக்கமாக இருந்தால், அங்கே முழு வேக ஓட்டம் வேண்டாம். வேகப் பயிற்சியை நேர்பாதையில் வைத்துக்கொள்ளுங்கள்.

* வார்ம் அப், மெதுவான ஓட்டங்களில் அவ்வப்போது எதிர்த்திசையிலும் ஓடவிடுங்கள். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

* வளைவை ஒட்டிக் கம்பம், சுவர், கல் எதுவும் இருக்கக் கூடாது. வேகம் அடங்காமல் வெளியே போகும் பிள்ளைக்கு இடம் வேண்டும்.

* ஒரே காலில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலி என்று பிள்ளை சொன்னால், 'ஓடினா சரியாயிடும்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோங்ஹே மைதானத்தில் கோடு போட்டவர்கள், மேடையிலிருந்து பார்க்கப்போகும் தலைவர்களை நினைத்தார்கள். ஹார்வர்டில் தரை போட்டவர்கள், அதில் ஓடப்போகும் மாணவர்களின் கால்களை நினைத்தார்கள். அடுத்த முறை பிள்ளையின் பள்ளி மைதானத்துக்குப் போகும்போது, ஒரு ரவுண்டு நீங்களே மெதுவாக ஓடிப் பாருங்கள். அந்த டிராக்கை யாரை நினைத்துப் போட்டார்கள் என்பதை முதல் திருப்பத்திலேயே உங்கள் கால் சொல்லிவிடும்!