போனுக்குப் பூட்டு: சாவி யாரிடம்?

தீபாவளி நெருங்கினால் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பட்டாசுக் கடைகளின் விலைப்பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். பட்டியல் என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ இருக்கும். ஃபைல் பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பட்டியல் அல்ல, ஓர் ஆப். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயர்களில் இப்படி அனுப்பித்தான் நாடெங்கும் மோசடி நடக்கிறது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியின் ஓடிபி மோசடிக்காரனுக்கும் போய்ச் சேரும்.

இத்தகைய மோசடிகளைக் காரணம் காட்டி கூகுள் 2025 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்தவர்களின் ஆப்களை மட்டுமே இனி ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியும். பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைப்பவற்றுக்கும் இதுவே விதி. எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் அறிந்தவர்களுக்கு மட்டும் ஒரு தனி வழி விடுவதாக நவம்பரில் சொன்னது. நம் நாட்டில் இது பழைய வழக்கு. வெளியிலிருந்து ஆப் நிறுவுவதைத் தடுக்கக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு உத்தரவிட்டு, 1,337.76 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. அந்த உத்தரவை ரத்து செய்தது.

பாதுகாப்புதானே, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். 2021 அக்டோபரில் சீன அதிகாரிகள் கேட்டதும், ஆப்பிள் தன் சீன ஆப் ஸ்டோரிலிருந்து 'குர்ஆன் மஜீத்' ஆப்பை நீக்கியது. ஐபோன் வைத்திருந்த சீன முஸ்லிம் வேறு எங்கே போய் அதை இறக்குவார்? ஸ்டோரில் இருப்பதெல்லாம் பத்திரம் என்றும் இல்லை. தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ'வும் ஸ்டோரில் இருந்ததுதான். அதைப் பயன்படுத்தியவர்களின் இருப்பிடத் தகவல் ஒரு தரகு நிறுவனத்துக்குப் போனது 2020இல் வெளிவந்தது.

மத்ரஸாவில் 'ஹஜ்ர்' என்றொரு பாடம் உண்டு. சிறுவர், புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகியோரின் கொடுக்கல் வாங்கலைத் தடுத்து வைப்பது பற்றியது. பருவமடைந்த, புத்தியுள்ள ஒருவர் ஊதாரியாக இருந்தாலும் தடுக்கக் கூடாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தடுக்கலாம் என்ற அவர்களின் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களும் அதற்குக் காஜியின் தீர்ப்பு வேண்டும் என்றார்கள். பொருளை விற்ற வியாபாரிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று நாம் எங்கும் ஓதியதில்லை. கம்பெனி எச்சரிக்கட்டும், நாலு தடவை கேட்கட்டும். சாவியைத் தானே வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

பிள்ளைகளின் போனைப் பூட்டுவது நம் பொறுப்பு. அமைப்புகளில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' என்ற இடத்தில் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அத்தாவின் போனிலும் செய்யலாம், அவரிடம் கேட்டுக்கொண்டு. தவறி நிறுவிவிட்டால் உடனே நெட்டை அணையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வேறு போனிலிருந்து 1930க்கு அழையுங்கள்.