எதிரொலியிலிருந்து ஓர் எண்

மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி கேட்கிறது. நெட்வொர்க் அனலைசர் என்னும் கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது. மின்சுற்றின் வாயிலில் ஓர் அலையை அனுப்பி, திரும்பி வருவதையும் மறுவாயிலுக்குக் கடந்து செல்வதையும், வீச்சு, கட்டம் இரண்டையும் சேர்த்து அளக்கிறது. அந்த விகிதங்களே சிதறல் கெழுக்கள், சுருக்கமாக 'எஸ்'. ஆனால் சுற்றை வடிவமைப்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியது 'ஒய்' எனப்படும் அட்மிட்டன்ஸ்; அதாவது, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பது.

அதை நேரடியாகவே அளக்கலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கு மறுவாயிலைக் குறுக்குச்சுற்றாக்க வேண்டும். 10 நானோஹென்றி தூண்டல் உள்ள சிறு கம்பித்துண்டுகூட 1 கிகாஹெர்ட்ஸில் சுமார் 63 ஓம் மின்மறுப்பைக் காட்டும். பிறகு குறுக்குச்சுற்று ஏது? எனவேதான் 50 ஓம் முடிவில் அலைகளை அளந்து, ஒய்யைக் கணக்கிட்டுப் பெறுகிறோம்.

வழி எளிது. செல்லும் அலை 'அ', திரும்பும் அலை 'ஆ' என்க. மின்னழுத்தம் இரண்டின் கூடுதல். திரும்பும் அலை எதிர்த்திசையில் பாய்வதால், மின்னோட்டம் இரண்டின் வேறுபாட்டை 50 ஓமால் வகுத்தது. ஆ ÷ அ = எஸ். ஆகவே,

ஒய் = ஒய்0 × (1 − எஸ்) ÷ (1 + எஸ்)

இங்கு ஒய்0 என்பது 1/50, அதாவது 20 மில்லிசீமென்ஸ். இரு வாயில்கள் இருந்தால் எஸ், ஒய் இரண்டும் அணிகளாகும். 1 அலகு அணியாகும். வகுத்தலுக்குப் பதில் நேர்மாறு அணியால் பெருக்க வேண்டும். அப்போது,

ஒய்11 = ஒய்0 × [(1 − எஸ்11)(1 + எஸ்22) + எஸ்12 எஸ்21] ÷ [(1 + எஸ்11)(1 + எஸ்22) − எஸ்12 எஸ்21]

சரிபார்ப்போம். இரு வாயில்களுக்கிடையே தொடராக 100 ஓம் மின்தடை இருந்தால் நான்கு கெழுக்களும் 0.5. மேலே 0.75 + 0.25 = 1; கீழே 2.25 − 0.25 = 2. விடை 10 மில்லிசீமென்ஸ். 100 ஓமின் தலைகீழ் அதுவேதான்!

இனி என் அனுபவம். ஆய்வுத் திட்டத்திற்காக வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் 1 பிகோஃபாரட் மின்தேக்கியை 1 கிகாஹெர்ட்ஸில் அளந்தேன். சுமார் +6.3 மில்லிசீமென்ஸ் வரவேண்டும், வந்ததோ −64. மின்தேக்கி மின்தூண்டியாகிவிட்டது! இரண்டு நாட்கள் சூத்திரத்தையே சந்தேகித்தேன். பிழை என்னுடையது. கருவியை அளவுத்திருத்தம் செய்த பிறகு, 5 செ.மீ. கேபிள் ஒன்றை இடையில் சேர்த்திருந்தேன். அந்தக் கேபிளில் அலைநீளம் சுமார் 20 செ.மீ. போக 5, வர 5. ஆக அரை அலைநீளம். எஸ்ஸின் குறியே தலைகீழானது. கேபிளின் முனையில் மீண்டும் அளவுத்திருத்தம் செய்ததும் விடை நேரானது.

மற்றோர் எச்சரிக்கை: எஸ் −1ஐ நெருங்கும்போது வகுஎண் பூச்சியத்தை நெருங்கும். எஸ் −0.98 என்றால் ஒய் 1980 மில்லிசீமென்ஸ், −0.99 என்றால் 3980. நூற்றில் ஒரு பங்கு பிழை, விடையையே இரட்டிப்பாக்குகிறது.

நண்பர்களே, சூத்திரம் பொய் சொல்வதில்லை. நாம் கொடுத்ததையே வேறு உருவில் திருப்பித் தருகிறது. எனவே விடையைச் சந்தேகிக்கும்முன், அளவு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்.