பரம்பரைச் சிறுநீரக நோயில் கைநழுவும் காலம்

பெற்றோர் வழியாக வரும் சிறுநீரக நோய்களில் மிகப் பரவலான பல்நீர்க்கட்டி நோயில், நீர் நிரம்பிய கட்டிகள் இரு சிறுநீரகங்களிலும் தோன்றி, ஆண்டுதோறும் பெருத்து, ரத்தத்தை வடிகட்டும் நல்ல திசுவை நசுக்கிவிடுகின்றன. 16ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி1 அல்லது 4ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி2 மரபணுவில் நேரும் பிழையே இதற்குப் பெரும்பாலும் காரணம். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு நோய் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. எஞ்சிய திசு கூடுதலாக உழைத்து ஈடுகட்டுவதால், ரத்தத்தில் சேரும் கழிவின் அளவைக் காட்டும் கிரியேட்டினின் பல்லாண்டுகள் இயல்பாகவே தென்படுகிறது. சிதைவைத் தாமதப்படுத்த மருத்துவத்தால் இயலும் காலமும், நோயாளி எதையும் உணராமல் கழித்துவிடும் காலமும் இதுவே.

கட்டிகள் ரத்தக் குழாய்களை நெருக்கும்போது, தனக்கு வரும் ரத்தம் குறைந்துவிட்டதாகக் கொள்ளும் சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரந்து ரத்த அழுத்தத்தை உயர்த்த, அந்த அழுத்தமே எஞ்சிய திசுவையும் கெடுக்கிறது. எனாலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் இந்தச் சுழற்சியைத் தடுக்கின்றன. ஆனால் அவை கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால், கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு இன்னும் நன்றாக இருந்த இளவயது நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை 110/75க்குக் கீழே வைத்திருந்தோருக்குச் சிறுநீரகம் பெருக்கும் வேகம் சுமார் 14 விழுக்காடு குறைந்தது. எனினும் எவருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கட்டிகளை வளரத் தூண்டும் வாசோபிரெசின் ஹார்மோனைத் தடுக்கும் டோல்வாப்டான், 1,445 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், சிறுநீரகத்தின் ஆண்டு வளர்ச்சியை 5.5 விழுக்காட்டிலிருந்து 2.8 ஆகக் குறைத்தது. அளவுக்கு மிஞ்சிச் சிறுநீர் கழியும் என்பதாலும், கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதாலும், நோய் வேகமாக முற்றுவோருக்கு மட்டுமே, இடைவிடாத ரத்தப் பரிசோதனையோடு இது தரப்படுகிறது.

ராஜபாளையத்து நூற்பாலைகளிலும், அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் கூடங்களிலும் வெக்கையில் நின்று உழைப்போர், இந்நோய் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால், உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவதையும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். உப்பும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். உறவுமுறைத் திருமணம் இந்நோய்க்குக் காரணமன்று. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றி, சிறு வயதிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நெஃப்ரோநோஃப்திசிஸ் போன்ற நோய்களுக்கு அது வாய்ப்பைக் கூட்டுகிறது.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய உடன்பிறந்தோரும் வயதுவந்த பிள்ளைகளும் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்சிகிச்சைக்கு 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. சிறுநீரகம் தர முன்வரும் உடன்பிறப்புக்கும் அதே நோய் மறைந்திருக்கக்கூடும் என்பதால், இந்தப் பரிசோதனை தருபவர், பெறுபவர் இருவரையுமே காப்பதாகும். மரபணுவை மாற்ற இன்று வழியில்லை. ஆனால் 30 வயதில் அளந்து பார்த்துக் கட்டுப்படுத்திய ரத்த அழுத்தம் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கக்கூடும் என்பதைக் குடும்பத்தார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.